சங்கிலியிலிருந்து சான்றிதழ் வரை: மனநோயாளரைப் பிடித்து அடக்குவோரின் பயிற்சி வரலாறு

இஸ்லாமிய நாகரிகத்தின் பெருமைகளை எடுத்துரைக்கும் மேடைகளில் பீமாரிஸ்தான்களைக் குறிப்பிடாத பேச்சாளர் குறைவு. ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மன்சூரி மருத்துவமனை, ஹலப் நகரில் 1354இல் எழுந்த அர்கூன் மருத்துவமனை, எடிர்னேயில் 1488இல் இரண்டாம் பாயஸீத் அமைத்த மருத்துவமனை ஆகியவற்றின் நீரூற்றுகளும் இசையும் மலர்த் தோட்டங்களும் வருணிக்கப்படும். ஐரோப்பா பித்துப் பிடித்தோரைத் தெருவில் விரட்டிய காலத்தில் நாம் அவர்களுக்கு இசை கேட்பித்தோம் என்று அந்தப் பேச்சு முடியும்.

சொல்லப்படுவது பொய்யன்று, ஆனால் பாதி மட்டுமே சொல்லப்படுகிறது. ஹிஜ்ரி 580இல் (கி.பி. 1184) டமாஸ்கஸ் வந்த இப்னு ஜுபைர், நூரி மருத்துவமனையின் எழுத்தர்கள் நோயாளிகளின் பெயர்களையும் அவர்களுக்கான உணவு, மருந்துச் செலவையும் பதிவு செய்வதையும், மருத்துவர்கள் நாள்தோறும் காலையில் வந்து பார்ப்பதையும் மனமுவந்து பாராட்டுகிறார். அதே பகுதியில், அடைத்து வைக்கப்பட்ட பித்தர்களுக்கும் ஒருவகைச் சிகிச்சை உண்டென்றும், அவர்கள் சங்கிலிகளில் பிணைக்கப்பட்டுள்ளனர் என்றும் எழுதுகிறார். எடிர்னேயின் இசையை 17ஆம் நூற்றாண்டில் வருணித்த எவ்லியா செலெபியும் அங்கே சங்கிலியில் கட்டுண்டோரைக் குறிப்பிடத் தவறவில்லை. நம் பேச்சாளர்கள் இவ்விருவரையும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வரிகளை மட்டும் தாண்டிச் செல்கிறார்கள்.

சங்கிலி இருந்தது. அக்காலத்து உலகில் அது இல்லாத இடமும் இல்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கட்டியவர் யாருக்குக் கணக்குச் சொன்னார்? கட்டும் கைக்குக் கற்பித்தவர் யார்? கற்றுக்கொண்டாரா என்று சோதித்தவர் யார்? இக்கேள்விகளை முன்வைத்துப் பார்த்தால் நம் முன்னோரின் உண்மையான சாதனை நீரூற்றில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது என்பது புலப்படும்.

இப்னு ஜுபைர் கெய்ரோவில் கண்ட மருத்துவமனையில், இரும்புக் கம்பியிட்ட சன்னல்களையுடைய அறைகளில் பித்தர்கள் இருந்தனர். அவர்களுடைய நிலையை நாள்தோறும் விசாரித்தறிய ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். அதே 12ஆம் நூற்றாண்டில் பக்தாதைக் கண்ட யூதப் பயணியான துதேலா நகரத்துப் பென்யமீன், அங்கு பித்தர்கள் இரும்புச் சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டதையும், மாதந்தோறும் கலீஃபாவின் அலுவலர்கள் வந்து ஒவ்வொருவரையும் சோதித்து, தெளிவு பெற்றோரை விடுவித்து வீட்டுக்கு அனுப்பியதையும் எழுதியிருக்கிறார். கட்டியவரே விடுவிக்கும் முடிவையும் எடுக்கவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மாதம் ஒருமுறை என்ற இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி ஹிஜ்ரி 319க்கு (கி.பி. 931) வருவோம். பக்தாதில் மருத்துவர் ஒருவரின் பிழையால் சாமானிய மனிதர் ஒருவர் இறந்துபோன செய்தி கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. அவர் முஹ்தஸிபுக்கு ஆணையிட்டார்: அரண்மனை மருத்துவரான ஸினான் இப்னு ஸாபித் சோதித்து, இன்ன இன்ன சிகிச்சை செய்யலாம் என்று தம் கையால் எழுதிக் கொடுத்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யக்கூடாது. புகழ்பெற்றோரும் அரசப் பணியிலிருந்தோரும் விலக்கப்பட்டனர். அவர்கள் போகப் பக்தாதின் இருகரையிலும் தேர்வுக்கு வந்தோர் 860க்கும் சற்று மேல் என்று இப்னு அபீ உஸைபிஆ பதிவு செய்கிறார். ஒரு மரணம், அதன்பின் ஒரு விசாரணை, அதன்பின் ஒரு தேர்வு, அதன்பின் வரம்பு குறிப்பிட்ட ஓர் எழுத்துச் சான்று. இதே வரிசையை ஆயிரம் ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் மீண்டும் காண்போம்.

அந்தத் தேர்வில் நடந்த நிகழ்ச்சி ஒன்று சுவையானது. கண்ணியமான தோற்றமும் நல்ல உடையும் கொண்ட முதியவர் ஒருவர் வந்தார். ஸினான் அவரை மரியாதையுடன் அருகில் இருத்தினார். மற்றவர்கள் சென்றபின், தங்களிடமிருந்து ஏதேனும் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ள விரும்புகிறேன், தங்கள் ஆசிரியர் யார் என்று வினவினார். முதியவர் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார், உள்ளே தீனார்கள். எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது, குடும்பம் இருக்கிறது, என் பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். ஸினான் சிரித்துவிட்டார். தெரியாததைக் கொண்டு நோயாளியிடம் நெருங்கக்கூடாது, எளிய நோய்களுக்கன்றி இரத்தம் எடுக்கவோ பேதிக்குக் கொடுக்கவோ சொல்லக்கூடாது என்ற நிபந்தனையுடன் அனுமதித்தார். வாழ்நாள் முழுதும் என் வழி அதுதான். ஸிகஞ்சபீனையும் ஜுலாபையும் தாண்டியதில்லை என்றார் முதியவர். மறுநாள் அழகிய இளைஞர் ஒருவர் வந்தார். யாரிடம் கற்றீர் என்று கேட்க, என் தந்தையிடம் என்றார். தந்தை யார்? நேற்று வந்த பெரியவர். அவருடைய வழியில்தான் இருக்கிறீரா? ஆம். அப்படியானால் அதைத் தாண்டாதீர் என்று சொல்லி அனுப்பினார் ஸினான்.

இதை நகைச்சுவைக்காகச் சொல்வோர் உண்டு. நாம் இதில் காண்பது வேறு. தேர்வு என்ற ஒன்று ஏற்பட்டவுடனேயே இரக்கமும் முகத்தாட்சண்யமும் பொட்டலத்துக் காசும் அதன் வாசலில் வந்து நின்றுவிட்டன. ஸினான் காசை வாங்கினார் என்று வரலாறு கூறவில்லை. ஆனால் படிக்கத் தெரியாதவருக்கு அனுமதி கிடைத்தது, அவர் மகனுக்கும் கிடைத்தது. அதே வேளையில் அவர் விதித்த வரம்பையும் குறைத்து மதிப்பிட இயலாது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் இரண்டு செயல்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து அவற்றைத் தடுத்தார். எல்லாம் அறிந்தவரா என்று பார்ப்பதைவிட, எது கொல்லக்கூடியதோ அதைச் செய்யமாட்டாரா என்று பார்ப்பதே முதன்மை என்பது அவர் கணிப்பாக இருந்திருக்க வேண்டும்.

இத்தகைய சோதனைகள் பின்னர் ஹிஸ்பா நூல்களில் முறையாக எழுதப்பட்டன. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரியின் ‘நிஹாயதுர் ருத்பா’வும், ஹிஜ்ரி 729இல் மறைந்த இப்னுல் உகுவ்வாவின் ‘மஆலிமுல் குர்பா’வும் இத்துறையில் புகழ்பெற்றவை. கண் மருத்துவரைக் கண்ணைப் பற்றிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் பத்துக் கட்டுரைகளைக் கொண்டு சோதிக்க வேண்டும். எலும்பு கட்டுபவர் உடலின் எலும்புகளது எண்ணிக்கையையும் வடிவத்தையும் அறிந்திருக்க வேண்டும். இரத்தம் எடுப்போருக்கு ஷைஸரி கூறும் பயிற்சி நம்மை வியக்க வைப்பது: கற்றுக்கொள்ள விரும்புபவர் ‘ஸில்க்’ எனப்படும் கீரையின் இலை நரம்புகளைக் கீறிக் கீறிக் கை நிலைப்படும் வரை பழக வேண்டும். மனித உடல் பயிற்சிக் களமன்று. கை நிலைப்பட்ட பிறகே அதன்மேல் படவேண்டும்.

ஆயினும் ஷைஸரியின் 40 அத்தியாயங்களில் ரொட்டி சுடுபவருக்கும் இடமுண்டு, குளியல் விடுதிக்காரருக்கும் இடமுண்டு, கால்நடை மருத்துவருக்கும் இடமுண்டு. பித்தரைப் பிடித்துக் கட்டும் காவலருக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை. அது ஒரு கலையென்றோ, தவறினால் உயிர் போகுமென்றோ அக்காலம் கருதவில்லை போலும். பலம் இருந்தால் போதும் என்று எண்ணியிருக்கலாம். இந்த எண்ணம் அண்மைக்காலம் வரை உலகெங்கும் நீடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹிஸ்பா நூல்கள் விட்ட இடத்தை ஃபிக்ஹ் நூல்கள் வேறொரு வாயிலாக நிரப்புகின்றன. பாய்ந்து வரும் தாக்குதலைத் தடுப்பது பற்றிய ‘ஸியால்’ பாடத்தை அரபிக் கல்லூரியில் ஓதிய எவரும் அறிவர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜில்’ அமைத்துள்ள படிநிலை தெளிவானது: மிக இலேசானதைக் கொண்டே தடுக்க வேண்டும். சொல்லால் தடுக்க முடியுமானால் அடிப்பது ஹராம். கையால் முடியுமானால் சாட்டை ஹராம். சாட்டையால் முடியுமானால் தடி ஹராம். தாக்கவருபவர் பித்தராயின் என்ன என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. தற்காப்பில் பித்தர் கொல்லப்பட்டால் ஈடில்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு. ஹனஃபி மத்ஹபில், ‘ஹிதாயா’ கூறுவதன்படி, தடுத்தவர் தம் சொந்தப் பொருளிலிருந்து தியத் கொடுக்க வேண்டும். இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) மட்டும் இதில் வேறுபடுகிறார். பித்தரின் செயலுக்குக் குற்றத் தன்மை இல்லை, எனவே அவருடைய உயிரின் காப்பு நீங்கவில்லை என்பது ஹனஃபிகளின் வாதம். நாம் இங்கே மத்ஹபுகளை எடைபோட வரவில்லை. கொல்வதற்காகவன்றித் தன்னைக் காக்கவே கையோங்கியவரும் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை ஒன்று நம் சட்ட மரபில் விவாதிக்கப்பட்டது என்பதே நமக்குத் தேவை. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற நபிமொழியும் (அபூதாவூத்) இதனுடன் சேர்த்து வைத்துப் பார்க்கத்தக்கது. பயிற்சியின்மை மன்னிப்புக்குக் காரணமாக அங்கே ஏற்கப்படவில்லை. பொறுப்புக்குக் காரணமாகவே ஆக்கப்பட்டது.

இனி இங்கிலாந்து. லண்டனின் பெத்லெம் மருத்துவமனையில் ஜேம்ஸ் நாரிஸ் என்பவர் கழுத்திலும் உடலிலும் இரும்பு வளையங்களுடன் பத்தாண்டு காலம் கம்பத்தில் பிணைக்கப்பட்டிருந்ததை 1814இல் பார்வையாளர்கள் கண்டனர். மறு ஆண்டே நாடாளுமன்றக் குழு விசாரித்தது. ஆனால் மாற்றத்தின் வேர் லண்டனில் அன்று, லிங்கன் என்ற சிறு நகரில் ஊன்றியது. அங்கே 1829இல் நோயாளி ஒருவர் இரவில், கைகளை உடலோடு கட்டும் இறுக்கச் சட்டை அணிவிக்கப்பட்டு, கட்டிலோடு பிணைக்கப்பட்டுத் தனியே விடப்பட்ட நிலையில் இறந்துபோனார். அதன்பின் மருத்துவர் எட்வர்ட் சார்ல்ஸ்வர்த்தின் முயற்சியால், ஒருவரை இரவில் அவ்வாறு கட்டினால் பணியாளர் ஒருவர் அறையிலேயே இருக்கவேண்டும் என்ற விதி வந்தது. யார், எந்தக் கருவியால், எத்தனை மணிநேரம் கட்டப்பட்டார் என்பதற்குப் பதிவேடும் வந்தது.

அந்தப் பதிவேடு செய்த வேலையை எந்தச் சொற்பொழிவும் செய்திருக்க முடியாது. 1829இல் 39 பேர் மொத்தம் 20,424 மணிநேரம் கட்டப்பட்டிருந்தனர். மறு ஆண்டில் 27,000 மணிநேரத்தைத் தாண்டியது. எண்கள் கண்முன் நின்றபோது ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கத் தொடங்கினார்கள். 1837இல் இரண்டே பேர், 28 மணிநேரம். 1838இல் ஒருவருமில்லை. நோயாளிகளின் எண்ணிக்கையோ இதற்கிடையில் கூடியிருந்தது. இளம் மருத்துவரான ராபர்ட் கார்டினர் ஹில் 1838இல் இதை விளக்கிச் சொற்பொழிவாற்றினார். கட்டுகளைக் கைவிட வேண்டுமானால் தகுந்த பணியாளர்கள் போதிய எண்ணிக்கையில் இரவும் பகலும் இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. 1839இல் ஜான் கொனொலி அதையே ஹன்வெல் என்ற பெரிய மருத்துவமனையில் செய்து காட்டினார்.

இரும்பு போன இடத்தில் கை வந்தது. நாம் சிந்திக்க வேண்டிய திருப்பம் இதுவே. சங்கிலிக்குப் பயிற்சி வேண்டியதில்லை, கைக்கு வேண்டும். கட்டுகள் ஒழிந்த மருத்துவமனைகளில் நோயாளிகளின் விலா எலும்புகள் முறிவது பெரிய சர்ச்சையாயிற்று. முழங்காலால் அழுத்தி அடக்குவோர் மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1885இல் மனநல மருத்துவர் சங்கம் பணியாளர்களுக்கென ஒரு கைநூல் வெளியிட்டது. 1891இல் தேர்வும் சான்றிதழும் தொடங்கின. ஸினானின் தேர்வு ஒருவாறு அந்த வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடப்போம். 1980களில் பிரிட்டிஷ் சிறைத்துறையில், கிழக்காசியத் தற்காப்புக் கலைகளின் மூட்டுப் பூட்டுகளைத் தழுவி, மூவர் சேர்ந்து ஒருவரை அடக்கும் முறை உருவாக்கப்பட்டு மனநல மருத்துவமனைகளுக்கும் பரவியது. வலியால் பணியவைப்பது அதில் ஒரு பகுதி. சிறைக்கெனச் செய்த முறையை நோயாளிக்குப் பொருத்தியபோது எவரும் போதிய கேள்வி கேட்கவில்லை என்பது நம் கருத்து.

1998 அக்டோபர் 30 அன்று இரவு நாரிச் நகர மனநலக் காப்பகம் ஒன்றில் டேவிட் ‘ராக்கி’ பென்னட் என்ற 38 வயதுக் கறுப்பின நோயாளி, மற்றொரு நோயாளியின் இனவெறி வசைக்கு ஆளாகி எழுந்த பூசலின் முடிவில், செவிலியர் பலரால் முகங்குப்புற ஏறத்தாழ 25 நிமிடம் அழுத்திப் பிடிக்கப்பட்டு இறந்தார். 2004இல் வெளியான விசாரணை அறிக்கை, எவரையும் முகங்குப்புற மூன்று நிமிடத்துக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது என்றும், பயிற்சிக்கு நாடு தழுவிய ஒரே அமைப்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

முகங்குப்புறக் கிடத்துவது ஏன் கொல்கிறது என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. மூச்சு விடுவதற்கு மார்புக்கூடு விரிய வேண்டும், வயிறு முன்தள்ள வேண்டும். தரையில் குப்புறக் கிடப்பவரின் முதுகில் எடை விழுந்தால் இரண்டும் தடைபடும். திமிறிப் போராடும் உடலுக்கோ வழக்கத்தைவிடப் பன்மடங்கு காற்று தேவை. காற்றுக்காக அவர் மேலும் திமிறுவார். அதை எதிர்ப்பென்று எண்ணிப் பிடிப்பவர் மேலும் அழுத்துவார். இறுதியில் அவர் அடங்கும்போது, அமைதியடைந்துவிட்டார் என்று நினைப்பார்கள். பேச முடிகிறது என்றால் மூச்சு விட முடிகிறது என்ற எண்ணமும் பொய். மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவன் 15 வயதுச் சிறுவன். 41 கிலோ எடையே கொண்டவன். 2004 ஏப்ரலில் இங்கிலாந்தின் இளங்குற்றவாளிகள் பயிற்சி மையம் ஒன்றில் பணியாளர் மூவர் அவனை உட்காரவைத்து முன்னே வளைத்துப் பிடித்தனர். இந்நிகழ்ச்சியில் நம்மை உலுக்குவது, அந்தப் பிடி விதிமீறல் அன்று என்பதே. அது அரசு ஏற்ற பயிற்சிநூலில் இருந்த பிடி, கற்பிக்கப்பட்ட பிடி. அவன் இறந்த பிறகே அது நீக்கப்பட்டது. பணியாளர் பயிற்சி பெற்றவரா என்ற கேள்வி இங்கே பயனற்றுப் போகிறது. பயிற்சியே சோதிக்கப்பட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். படிக்கத் தெரியாத முதியவரிடம் அவர் மகன் கற்ற கதை வாசகருக்கு நினைவு வரலாம். அந்த முதியவராவது ஆபத்தில்லாத ஸிகஞ்சபீனோடு நிறுத்திக்கொண்டார்.

2010இல் ஒலாசேனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர் தாமாகவே முன்வந்து மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே காவலர் 11 பேர் அவரை அரைமணி நேரத்துக்கு மேல் பிடித்து அடக்கினர். மூளை செயலிழந்து சில நாள்களில் மரணமடைந்தார். அம்மருத்துவமனை, இடம் மாறி இன்றும் இயங்கும் அதே பெத்லெம். 2017இல் மரண விசாரணைச் சான்றாயர் குழு, பயன்படுத்தப்பட்ட பலம் அளவு மீறியது, தேவையற்றது என்று முடிவு கூறியது. பெற்றோரின் இடைவிடாத முயற்சியால் 2018இல், மனநலப் பிரிவுகளில் பலப்பிரயோகம் பற்றிய சட்டம் நிறைவேறியது. மக்கள் அதனைச் ‘சேனியின் சட்டம்’ என்பர். 2022 மார்ச்சில் அதன் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர்குறித்து நியமிக்க வேண்டும், பணியாளருக்குப் பயிற்சி தர வேண்டும், ஒவ்வொரு பலப்பிரயோகத்தையும் பதிய வேண்டும். லிங்கன் பதிவேடு 190 ஆண்டுகள் கழித்து நாட்டுச் சட்டமாயிற்று என்றால் மிகையாகாது.

இதற்கிடையே 2019இல் இங்கிலாந்தில் பயிற்சிக்கான தர அளவைகள் வெளியிடப்பட்டன. பயிற்சி தரும் நிறுவனம் முதலில் சான்று பெற வேண்டும். சான்று தரும் அமைப்போ நாட்டின் அங்கீகார அமைப்பினால் தணிக்கை செய்யப்பட வேண்டும். சோதிப்பவரைச் சோதிக்கும் ஏற்பாடு இது. எந்த இடத்தில், எத்தகைய நோயாளிகளிடையே பணியாற்றுவோர் என்று ஆராய்ந்த பிறகே பயிற்சியை வடிவமைக்க வேண்டும். சிறைக்குச் செய்ததைக் காப்பகத்தில் கற்பிக்க இயலாது. பிடிகளைக் கற்பிக்கும் முன், பிடிக்கத் தேவையில்லாதபடி பூசலைத் தணிக்கும் வழிகளைக் கற்பிக்க வேண்டும். முன்பு பிடித்து அடக்கப்பட்ட அனுபவம் உடையவர்களும் பயிற்சியில் பங்கேற்க வேண்டும். சொல்லால் முடிந்தால் கை கூடாது என்ற ஸியால் பாடத்தை ஓதிய நமக்கு இவ்வரிசை அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் நாம் அதைக் கள்வனுக்கும் வெறிகொண்ட ஒட்டகத்துக்கும் உதாரணமாக ஓதினோம். அவர்கள் செவிலியரின் பாடத்திட்டமாக எழுதினார்கள். ‘இதெல்லாம் எங்களிடம் முன்பே இருந்தது’ என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துகொள்ள நமக்கு உரிமையில்லை.

ஏனெனில் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்கா வட்டாரத்தில் இயங்கிய தனியார் மனநோயாளர் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. ஷஹீத் ஒருவரின் அருளை நாடி வந்தவர்களைச் சங்கிலியிட எந்த மத்ஹபின் எந்தக் கிதாபிலும் ஆதாரம் தேடிக் காட்ட இயலாது. பிடித்தவர்களுக்குப் பயிற்சியில்லை, பதிவேடில்லை, பக்தாதில் மாதந்தோறும் வந்த அலுவலரைப் போல வெளியிலிருந்து வந்து பார்ப்பாரும் இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 95ஆம் பிரிவில், மனநோயாளரை எவ்வகையிலும் எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 97ஆம் பிரிவு, உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவைக்கு மேல் ஒரு கணமும் நீடிக்காமல் பிடித்துக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. தண்டனையாகச் செய்யக்கூடாது. பணியாளர் பற்றாக்குறையைக் காரணம் காட்டக்கூடாது. நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணிநேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நிகழ்வுகள் அனைத்தையும் மனநல வாரியத்துக்கு மாதந்தோறும் அனுப்ப வேண்டும். துதேலாப் பயணியின் மாதக் கணக்கு இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. ஆனால் பிடிக்கும் கைக்குக் கற்பிப்பவர் யார், அவரைச் சோதிப்பவர் யார் என்று அப்பிரிவின் வாசகம் பேசவில்லை.

மேலும் இப்பதிவும் அறிக்கையும் நிறுவனங்களுக்குரியவை. நம் ஊர்களில் ஒருவருக்கு மனநிலை முறிந்து வன்மை மிகும்போது அவரைப் பிடிப்பவர்கள் மூத்தாரும் மாமனும் மச்சானும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும்தாம். ஓதிப் பார்க்க என்று பள்ளிவாசல் இமாமும் முதலிலேயே அழைக்கப்படுகிறார். வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றி மருத்துவமனை வாசல் சேர்க்கும் வரை அந்த உடல் இவர்கள் கையில் இருக்கிறது. ஸியால் பாடத்தை ஓதிவிட்டு இமாமாகச் செல்லும் நம் மாணவர்களுக்கு அத்துடன் ஒரு பிற்பகல் ஒதுக்கி, மனநல மருத்துவர் ஒருவரையோ செவிலியர் ஒருவரையோ அழைத்து வந்து சிலவற்றைக் காட்டச் சொல்லலாம்: குப்புறக் கிடத்தாமை, முதுகிலும் கழுத்திலும் எடை வைக்காமை, ஒருவர் முகத்தையும் மூச்சையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருத்தல், மூச்சு முட்டுகிறது என்றதும் பிடியைத் தளர்த்தி நிமிர்த்தி உட்காரவைத்தல். இதைக் கிதாபு வாசித்து மட்டும் கற்க இயலாது. ஷைஸரி கீரை இலையைக் கையில் கொடுத்ததும் அதனால்தான்.